ஐந்து நட்சத்திரம் இருக்கிறது, மாவு அரைக்குமா என்று மட்டும் யாரும் சொல்லவில்லை

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் ஒரு சகோதரி கேட்டது இது. பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்தில் உள்ள அம்மாவுக்குத் தீபாவளிக்கு முன்பு இரண்டு லிட்டர் மேசை கிரைண்டர் ஒன்றை இயங்கலையில், அதாவது ஆன்லைனில், வாங்கி அனுப்ப நினைக்கிறார். ஒவ்வொரு கிரைண்டருக்கும் கீழே நூற்றுக்கணக்கில் ரிவ்யூ இருக்கிறது, ஆனால் உட்கார்ந்து படித்தால் ஒன்றும் தேறவில்லை. "பொருள் வந்துவிட்டது, இன்னும் போட்டுப் பார்க்கவில்லை" என்று எழுதிவிட்டு ஐந்து நட்சத்திரம். ஏன் இப்படி, இதை வைத்துக்கொண்டு எப்படித்தான் தேர்ந்தெடுப்பது என்கிறார். கூடவே இன்னொரு சிக்கல்: முன்பு வாங்கிய மிக்சி சரியில்லை என்று இரண்டு நட்சத்திரம் கொடுத்திருக்கிறார். விற்றவர் வாட்ஸ்அப்பில் வந்து, ஐந்தாக மாற்றினால் 20 ரிங்கிட் தருகிறேன் என்கிறாராம். வாங்கலாமா?

நான் கோலாலம்பூரில் ஒரு பாத்திரக் கடைக்கு இயங்கலை விற்பனையைப் பார்த்துக்கொள்பவன். விற்கிற பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரிவ்யூ எழுதியவர்கள் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. அவர்களிடம் கேட்கப்பட்ட நேரம் அப்படி. பார்சல் கைக்கு வந்ததும் "பொருள் கிடைத்தது" என்று ஒரு பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். அதை அழுத்தினால் அதுவரை தளம் பிடித்து வைத்திருந்த பணம் விற்பனையாளருக்குப் போகும். அழுத்திய கையோடு நட்சத்திரம் கேட்கும் திரை வந்து நிற்கும். கிரைண்டர் அப்போது பெட்டிக்குள்தான் இருக்கும், உளுந்தை ஊறக்கூடப் போட்டிருக்க மாட்டார்கள். அந்த நிமிடத்தில் ஒருவருக்கு என்ன தெரியும்? எத்தனை நாளில் வந்தது, பெட்டி நசுங்கியிருக்கிறதா, பபிள் ரேப் எத்தனை சுற்று சுற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அதைத்தான் எழுதுகிறார்கள். செல்லர் லாஜு, பேக்கிங் கெமாஸ், பாராங் டா சம்பாய், பெலும் சுபா. மலாயில் இதற்கு, விற்பவர் வேகம், பேக்கிங் நேர்த்தி, பொருள் வந்துவிட்டது, இன்னும் போட்டுப் பார்க்கவில்லை என்று பொருள். இதில் பொய் ஒன்றும் இல்லை. கூரியர்காரருக்குக் கொடுக்க வேண்டிய மதிப்பெண் கிரைண்டரின் கணக்கில் ஏறிவிடுகிறது, அதுதான் கோளாறு. எனக்கு மிகவும் பிடித்தது "செமோகா தாஹான் லாமா" என்று எழுதுவதுதான். ரொம்ப நாள் உழைக்கட்டும் என்ற வேண்டுதல். அந்த வேண்டுதலுக்கும் ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிடுகிறார்கள்.

அப்புறம் காயின். ஷாப்பி என்ற விற்பனைத் தளத்தில் படமோ வீடியோவோ சேர்த்து, குறிப்பிட்ட அளவுக்கு மேல் எழுத்து இருந்தால் காயின் கிடைக்கும். 100 காயின் சேர்ந்தால் 1 ரிங்கிட், அதாவது ஒரு காயினுக்கு ஒரு சென். சின்னத் தொகைதான், ஆனால் வீட்டுச் சாமான் முழுவதையும் ஆப்பிலேயே வாங்குகிறவர் அதை விட மாட்டார். எழுத்துக் கணக்கை எப்படியாவது நிரப்ப வேண்டும் என்பதால் "பிரெஸ்தாசி: பாகுஸ், குவாலித்தி: பாகுஸ்" (செயல்திறன்: நன்று, தரம்: நன்று) என்று ஒப்புவித்துவிட்டுப் போகிறார்கள். சிலர் ஏதோ ஒரு சம்பல் செய்முறையைக் கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். கிரைண்டர் ரிவ்யூவில் இரால் சம்பல் குறிப்பு கிடைத்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள், அந்தப் பக்கத்தில் உருப்படியான தகவல் அதுவாகத்தான் இருக்கும்.

இனி எங்கள் பக்கத்துக் கதை. நட்சத்திரத்துக்காக விற்பவர்கள் ஏன் இப்படி அலைகிறார்கள் என்றால், அது நேரடியாகக் காசு. அப்போது ஹார்வர்டில் இருந்த பேராசிரியர் மைக்கேல் லூக்கா, அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களுக்கு யெல்ப் என்ற ரிவ்யூ தளத்தில் கிடைத்த மதிப்பெண்களை வருமானத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 விழுக்காடு வரை கூடியது. அதனால்தான் பெட்டிக்குள் ஓர் அழகான அட்டை வருகிறது: "படத்தோடு ஐந்து நட்சத்திரம் போட்டு, ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், ஐந்து ரிங்கிட் உங்களுக்கு." அட்டை அனுப்பாத விற்பனையாளர் அனுப்புகிறவருக்குக் கீழே போய்விடுவார் என்ற பயத்தில் நல்ல கடைக்காரர்களும் அச்சடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அட்டையைவிட மோசமான வேலை ஒன்று உண்டு, அது வெளியே தெரியாது. ஒரே பக்கத்தில் பல வகைப் பொருள்களை அடுக்குவார்கள். கிரைண்டர், அதற்குரிய பெல்ட், மாவு வழிக்கும் கரண்டி, எல்லாம் ஒரே தலைப்பின் கீழ். பெல்ட் 9 ரிங்கிட் என்பதால் தேடும்போது "9 ரிங்கிட் முதல்" என்று கண்ணை இழுக்கும். வாங்குகிறவர்களில் பலர் கரண்டி வாங்கியவர்கள், கரண்டியில் குறை சொல்ல என்ன இருக்கிறது? அந்த நட்சத்திரமெல்லாம் ஒன்றாகக் கூட்டப்பட்டு கிரைண்டரின் தலைக்கு மேல் 4.9 என்று மின்னும். இன்னும் சிலர் நன்றாக விற்ற பழைய பக்கத்தில் படத்தையும் பெயரையும் மாற்றிப் புதுப் பொருளை ஏற்றிவிடுவார்கள். ரிவ்யூ மட்டும் பழைய பொருளுக்கு எழுதியது அப்படியே நிற்கும்.

சரி, இத்தனையையும் கழித்துவிட்டுப் பார்த்தால் நேர்மையாக எழுதுகிறவர்கள் இல்லையா? இருக்கிறார்கள், ஆனால் எல்லாரும் எழுதுவதில்லை. அமேசான் ரிவ்யூக்களை ஆராய்ந்து 2009-இல் மூன்று ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நட்சத்திரங்களை வரைபடமாகப் போட்டால் ஐந்தில் உயரமாகவும் ஒன்றில் ஓரளவும் நின்று, நடுவில் பள்ளமாக இருக்கும் என்று காட்டினார்கள். மிகவும் பிடித்தவரும் கொதித்துப் போனவரும் எழுதுகிறார்கள். "பரவாயில்லை, ஆனால்..." என்கிறவர் பேசாமல் இருந்துவிடுகிறார். நமக்கு வேண்டியதோ அந்த "ஆனால்"தான்.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் முதல் யோசனை: சராசரி மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள். நேரே இரண்டு, மூன்று நட்சத்திரத்துக்குப் போங்கள். ஐந்தை அள்ளிக் கொடுக்கும் நம் ஊரில் ஒருவர் மூன்று கொடுத்திருக்கிறார் என்றால் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். "நாலு மாசமா ஓடுது, அரிசி நல்லா அரையுது, உளுந்து மட்டும் மேலே ஏறிக்கிது, கையால தள்ளி விடணும், பெல்ட் ஒரு தடவை மாத்தியாச்சு" என்று ஒருவர் எழுதியிருந்தால், கிரைண்டர் வாங்குகிறவருக்கு அது தங்கம். ஒரு நட்சத்திரத்தில் முக்கால்வாசி கூரியர் சண்டை. டிரம் நசுங்கி வந்தது, தாமதமாக வந்தது என்பவற்றைத் தள்ளிவிடுங்கள். ஆனால் வெவ்வேறு மாதங்களில், ஒருவரை ஒருவர் தெரியாத இரண்டு பேர், "நடுத் தண்டு வழியாகத் தண்ணீர் கீழே இறங்குகிறது" என்று ஒரே குறையைச் சொல்லியிருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம். கிரைண்டரில் அந்தக் கசிவு மோட்டாரைக் கொல்லும்.

ஒவ்வொரு ரிவ்யூவுக்கும் பக்கத்தில் அவர் வாங்கிய வகை சின்ன எழுத்தில் இருக்கும். கரண்டி வாங்கியவர்களை அங்கே பிடித்துவிடலாம்.

அடுத்து படங்கள். எழுத்தைவிட நான் படத்தைத்தான் நம்புகிறேன், அதுவும் எதைக் காட்ட எடுத்தார்களோ அதை விட்டுவிட்டு ஓரத்தைப் பார்ப்பேன். ஒரு கிரைண்டருக்கு ஒருவர் போட்ட படம் நினைவிருக்கிறது. டிரம் பளபளவென்று நடுவில் நிற்கிறது, மேலே "தெர்பாய்க்", அதாவது மிகச் சிறந்தது, என்று ஒரே சொல். படத்தின் ஓரத்தில் சுவர் ஓட்டின்மேல் சுவிட்ச், அதில் ஒரு வெள்ளை அடாப்டர், அடாப்டருக்குள் உருண்டையான மூன்று முள் பிளக். அந்த ஓரம் எனக்குச் சொன்னது: இது இந்தியாவில் விற்பதற்காகச் செய்தது, நம் ஊர்ச் சதுர முள் பிளக் மாற்றாமல் அப்படியே கொண்டுவந்திருக்கிறார்கள். அப்படியென்றால் நம் நாட்டு அங்கீகாரம் வாங்கியிருப்பார்களா, உத்தரவாதம் இங்கே செல்லுமா என்று கேட்க வேண்டும். அதைச் சொல்ல ஒரு ரிவ்யூ இல்லை, ஒரு படத்தின் மூலை போதுமாக இருந்தது.

அந்த அங்கீகாரத்தைப் பற்றி ரிவ்யூ எதுவுமே சொல்லாது என்பதால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். மலேசியாவில் குறிப்பிட்ட வகை வீட்டு மின்சாதனங்களை விற்க எரிசக்தி ஆணையத்தின், அதாவது சுருஹான்ஜாயா தெனாகாவின், ஒப்புதல் வேண்டும். சமையலறை அரைக்கும் சாதனங்களும் அதில் சேரும். ஒப்புதல் பெற்ற பொருளில் சிரிம் என்ற தரச் சான்று நிறுவனத்தின் லேபிள் ஒட்டியிருக்கும். விற்பனையாளரிடம் சாட்டில் கேளுங்கள்: "சிரிம் லேபிளையும் அடியில் உள்ள தகட்டையும் படம் எடுத்து அனுப்ப முடியுமா?" கையில் பொருள் வைத்திருப்பவர் உடனே அனுப்புவார். "ஆமா சிஸ், ஒரிஜினல் சிஸ்" என்று சுற்றி வளைத்தால் அவரிடம் பொருளே இல்லை, வேறு யாரிடமிருந்தோ எடுத்து அனுப்புகிறவர். தகட்டில் வோல்ட்டையும் பாருங்கள். 230 அல்லது 240 இருக்க வேண்டும், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்கத் தமிழர்களுக்கென்று 110 வோல்ட்டில் செய்யப்படும் கிரைண்டர்களும் சந்தையில் உண்டு. அதை நம் சுவரில் சொருகினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் கேள்வியில் உங்களுக்குச் சாதகமான விஷயம் ஒன்று இருக்கிறது. நீங்கள் தேடுவது கிரைண்டர். இங்கே விற்கும் பெயர் பெற்ற மேசை கிரைண்டர்களில் பெரும்பாலானவை தமிழ்நாட்டிலிருந்து வருபவை. கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. மாடல் பெயரை அப்படியே எடுத்து அமேசான் இந்தியாவிலும் பிளிப்கார்ட்டிலும் தேடிப் பாருங்கள். அங்கே வாங்குகிறவர்கள் நம் அம்மாக்களைப் போல வாரா வாரம் மாவு அரைக்கிறவர்கள். எத்தனை நேரத்தில் அரைகிறது, மாவு சூடாகிறதா, சத்தம் எப்படி, ஒரு வருடம் கழித்து என்ன தேய்ந்தது என்று பத்தி பத்தியாக எழுதியிருப்பார்கள். மின்சாரமும் கிட்டத்தட்ட நம்முடையதேதான் என்பதால் அந்த அனுபவம் இங்கேயும் பொருந்தும். சர்வீஸ் ஆள் வரவில்லை என்ற புகார்களை மட்டும் விட்டுவிடுங்கள், அது அங்குள்ள கதை. அந்தத் தளங்களிலும் காசுக்கு எழுதுவது உண்டுதான். ஊக்கப் பரிசு கொடுத்து ரிவ்யூ வாங்குவதை அமேசான் 2016-இல் தடை செய்த பிறகும், அது பேஸ்புக் குழுக்களுக்குள் நகர்ந்து தொடர்ந்தது. ஆனாலும் உளுந்து பொங்கவில்லை என்று புலம்பி ஒருவர் எழுதியிருந்தால், அதற்கு யாரும் காசு கொடுத்திருக்க மாட்டார்கள்.

அம்மாவுக்கு என்பதால் இன்னொன்று. எந்த ரிவ்யூவிலும் எடை பற்றிப் பேசமாட்டார்கள், ஆனால் வயதானவர்களுக்கு அதுதான் முதல் பிரச்சினை. கல்லும் டிரம்மும் சேர்த்துத் தூக்கிக் கழுவ வேண்டும். சாய்த்து மாவு எடுக்கும் வகை இருக்கிறது, விலை கூடுதல், ஆனால் முதுகுக்கு நல்லது. நீங்கள் செந்தூலில் இருந்துகொண்டு படத்தைப் பார்த்து முடிவு செய்வதைவிட, அம்மா ஒருநாள் பினாங்கு லிட்டில் இந்தியாவுக்குப் போய், லெபோ பசார் பக்கம் உள்ள பாத்திரக் கடையில் ஒன்றைத் தூக்கிப் பார்க்கட்டும். அங்கேயே வாங்கிவிட்டாலும் நல்லதுதான். விலை கொஞ்சம் கூட இருக்கலாம், ஆனால் பெல்ட் அறுந்தால் போய்க் கேட்க ஓர் ஆள் இருப்பார். இயங்கலையில் விற்று வயிறு வளர்க்கிற நானே இதைச் சொல்கிறேன்.

இல்லை, இயங்கலையில்தான் என்றால், வந்த பெட்டியைத் திறக்கும்போது ஆரம்பத்திலிருந்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பையன் எடுத்தாலும் போதும். அதைவிட முக்கியம், "பொருள் கிடைத்தது" பொத்தானை அம்மா ஒருமுறை மாவு அரைத்துப் பார்க்கும் வரை நீங்கள் தொடக்கூடாது. திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அரைத்துப் பார்த்துவிட வேண்டும், அது தானாக மூடிக்கொள்ளும். முதல் இரண்டு அரைப்பு கல் தூள் போவதற்கு, அந்த மாவைக் கொட்டிவிட வேண்டும். இதைத் தெரியாமல் "மாவில் மண் வருகிறது" என்று ஒரு நட்சத்திரம் போட்டவர்களை நிறையப் பார்க்கலாம்.

கிரைண்டருக்குச் சொன்னது எல்லாப் பொருளுக்கும் அப்படியே பொருந்தாது. சேலைக்கு, பகல் வெளிச்சத்தில் வாங்கியவர் எடுத்த படம் மட்டும்தான் ரிவ்யூ. மீதி எல்லாம் விற்பனையாளரின் ஸ்டூடியோ விளக்கு. முகத்துக்குப் பூசும் கிரீம் என்றால் ரிவ்யூவே படிக்காதீர்கள். "ஒரே வாரத்தில் பளிச்" என்று ஆயிரம் பேர் எழுதியிருந்தால் அது இன்னும் பயப்பட வேண்டிய விஷயம். பாதரசமும் ஹைட்ரோகுவினோனும் கலந்த கிரீம்கள் பளிச்சென்றுதான் ஆக்கும். நம் சுகாதார அமைச்சின் மருந்துக் கட்டுப்பாட்டுப் பிரிவான என்பிஆர்ஏ, அப்படிப்பட்டவற்றின் பதிவை அவ்வப்போது ரத்து செய்து பட்டியல் வெளியிடுகிறது. பொருளின் மேல் "நோட்" என்று தொடங்கும் அறிவிப்பு எண் இருக்கிறதா என்று பார்த்து, அதை அவர்களின் இணையத்தளத்தில் தேடுங்கள். அவ்வளவுதான்.

இப்போது அந்த 20 ரிங்கிட். வாங்காதீர்கள். வாங்கினால் உங்களுக்கு அடுத்து அந்த மிக்சியை வாங்கப் போகிறவரிடம் நீங்களே பொய் சொன்னதாகிவிடும். அதோடு மிக்சி இன்னும் சரியாகாமல்தானே கிடக்கிறது? உங்கள் பிரச்சினை மிக்சி, அவர் பிரச்சினை நட்சத்திரம். அவர் தன் பிரச்சினையை மட்டும் தீர்க்கப் பார்க்கிறார். அமெரிக்காவில் நல்ல ரிவ்யூ எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு பணமோ பரிசோ கொடுப்பதை 2024 அக்டோபரிலிருந்து சட்ட விதியாகவே தடுத்துவிட்டார்கள். பிரிட்டனில் 2025 ஏப்ரல் முதல் போலி ரிவ்யூவுக்குத் தடை. அங்கேயே சட்டம் போட்டுத் தடுக்க வேண்டிய அளவுக்கு இது பெரிய தொழில்.

நீங்கள் செய்ய வேண்டியது: வாட்ஸ்அப் பேச்சை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, "ஆப் சாட்டில் பேசலாம்" என்று அவரை அங்கே இழுங்கள். வெளியே பேசுவது தளத்தின் கண்ணில் படாது, அதனால்தான் அவர் வெளியே வந்தார். ஆப் சாட்டில், "நட்சத்திரத்துக்குப் பணம் வேண்டாம், மிக்சியை மாற்றிக் கொடுங்கள், இல்லை காசைத் திருப்புங்கள்" என்று எழுதுங்கள். கொடுத்தால் நல்லது, அப்போது ரிவ்யூவைத் திருத்தலாம், ஆனால் நடந்ததை நடந்தபடி: "முதலில் வந்தது கெட்டது, கேட்ட பிறகு மாற்றிக் கொடுத்தார்." வாங்குகிறவருக்கு இதைவிட உதவும் வரி இருக்காது, நேர்மையான விற்பனையாளருக்கும் இது பாதகம் இல்லை. எழுதும்போது கோபத்தில் "திருடன், ஏமாற்றுக்காரன்" என்று போடாதீர்கள், அவதூறு என்று அவர் கிளம்பலாம். எந்த நாளில் வந்தது, ஜார் எங்கே கசிகிறது, அதன் படம், இது போதும்.

அவர் மசியவில்லை என்றால் தளத்தில் புகார், அப்புறம் உள்நாட்டு வாணிபம் மற்றும் வாழ்க்கைச் செலவின அமைச்சு. அதன் இலவச எண் 1-800-886-800. பினாங்கில் அம்மாவுக்கு ஏதாவது என்றால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் தமிழிலேயே பேசலாம். கடைசி வழி பயனீட்டாளர் கோரிக்கைகளை விசாரிக்கும் ட்ரிபுனல். 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்தது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டுபோகலாம், மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். ஆனால் மனுவில் எதிர்த் தரப்பின் பெயரும் முகவரியும் எழுத வேண்டும். இயங்கலையில் விற்பவர் தன் பெயர், நிறுவனப் பதிவு எண், தொடர்பு விவரம் எல்லாவற்றையும் காட்ட வேண்டும் என்பது 2013 ஜூலையிலிருந்தே இங்கே விதி. உங்கள் மிக்சிக்காரரின் கடைப் பக்கத்தைத் திறந்து அவை இருக்கின்றனவா என்று பாருங்கள். பொருள் வெளிநாட்டிலிருந்து நேராக வந்திருந்தால், பதிவு எண்ணும் இல்லை என்றால், ட்ரிபுனல் வரை போய்ப் பலன் இருக்காது, தளத்தின் பணம் திரும்பும் வழியோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். கிரைண்டர் ஆர்டர் போடும் முன்பும் அதே இடத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.